மன்னிப்புக்கு வந்த சிரிப்பு

அத்தியாயம் 14

போன வாரம் பேரூராட்சித் தலைவர் கைலாசத்தின் வீட்டு வாசலில் நாற்பது குடங்களை வரிசையாக வைத்துவிட்டு வந்தோம். பாதியில் வந்து சேர்ந்தவர்களுக்காக அந்தக் குடங்கள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

அம்பாசமுத்திரம் போகிற வழியில் இருக்கிறது ஆறுதல்புரம். அங்கே ஒன்பதாம் வார்டுக்குப் பதினொரு நாளாகத் தண்ணீர் இல்லை. அரை மைலில் தாமிரபரணி ஓடுகிறது, குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. பாக்கியசீலன் சாரின் மகள் ஸ்டெபிக்கு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. சாயங்காலமானால் ஒட்டு மீசை, தோளில் துண்டு சகிதம் ‘தலைவர் தங்கப்பழம்’ ஆகி, கேலி வீடியோ போடுவாள். அந்த வேஷத்தில் ஓர் அறிவிப்பு விட்டாள். தண்ணீர் வராத வீட்டார் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குடத்துடன் தலைவர் வீட்டுக்கு வரவும், தலைவர் வீட்டுத் தொட்டியிலிருந்து ஆளுக்கு இரண்டு குடம் வழங்கப்படும் என்றாள்.

யாரோ ஒரு புண்ணியவான் மீசையை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கத்தரித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நாற்பது பெண்கள் குடத்தோடு போய் நின்றார்கள். தலைவர் பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

ஒரு கேலிப் பேச்சை ஊர் எப்படி நிஜ அறிவிப்பு என்று நம்பியது? அதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். தெரியாத ஒரே ஆள் பாக்கியசீலன் சார்தான்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. சார் அப்போதுதான் இரண்டாவது இட்லியைப் பிட்டிருந்தார். போன் அடித்தது.

“சார்வாள், கைலாசம் பேசுதேன்.”

“சொல்லுங்க தலைவரே.”

எட்டாம் வகுப்பில் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்திய பையனைத் தலைவரே என்று கூப்பிட ஆரம்பத்தில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது பழகிப்போயிற்று.

“ஒங்ககிட்ட படிச்சவன்ங்கதால மரியாதையாச் சொல்லுதேன். இன்னைக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள ஒங்க மவ மன்னிப்பு கேட்டு வீடியோ போடணும். சும்மா பேருக்குக் கேட்டாப் பத்தாது. நெசமாவே கேட்டுட்டான்னு ஊரு நம்பணும்.”

“நம்பலேன்னா?”

“எஸ்றா நாளையில இருந்து வேலைக்கு வரவேண்டாம்.”

அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார். சார் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே போட்டார்.

எஸ்றா சாரின் மூத்த மகன். பேரூராட்சியில் ஒப்பந்தத்தில் தண்ணீர் திறந்து விடுகிறவன். ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, விடிகாலையில் தெருத் தெருவாக வால்வு திறப்பான். ஐந்து வருஷமாகச் செய்கிறான். நிரந்தரம் ஆகிவிடும் என்று கைலாசமே சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நம்பித்தான் வள்ளியூர் கிங்ஸ்லி தன் மகளை எஸ்றாவுக்குக் கொடுக்கச் சம்மதித்தார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கிறிஸ்தவக் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரை இன்னார் மணக்கப் போகிறார், தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்பதுதான் ஓலை. இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலை நாளைக்கு.

அதை வாசிக்க வேண்டியவரும் பாக்கியசீலன் சார்தான். ஐயர் என்று ஊர் கூப்பிடுகிற போதகருக்கு நாலு ஊர்க் கோயில்கள். அதனால் ஆறுதல்புரத்தில் இருபத்திரண்டு வருஷமாக அறிவிப்பு, ஓலை எல்லாம் சார் பொறுப்பு. கண் ஆஸ்பத்திரி முகாமானாலும் சரி, கன்வென்ஷன் கூட்டமானாலும் சரி, சார் பத்து மணி என்றால் ஊர் பத்து மணிக்கு வந்துவிடும். அதில் அவருக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு. பள்ளிக்கூடத்தில்கூட அவர் சொல்லுக்கு அப்படி மதிப்பு இருந்ததில்லை.

“நான் அப்பமே சொன்னேன், அந்த மீசையத் தூக்கி அடுப்புல போடுட்டின்னு” என்றாள் சாலோமி, மகளைப் பார்த்து.

ஸ்டெபி சுவரில் சாய்ந்து நின்றாள். “எப்பா, பதினோரு நாளா தண்ணி வரலேங்கது பொய்யா?”

“பொய்யில்ல.”

“பின்ன நான் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?”

“ஒன் அண்ணனுக்காக.”

ஸ்டெபி சுவரை விட்டு நகர்ந்து முகம் கழுவப் போனாள்.

சார் அந்த வீடியோவை இதுவரை பார்த்ததில்லை. பெண்பிள்ளை மீசை வைத்துக்கொண்டு ஆடுவதைத் தகப்பன் உட்கார்ந்து பார்ப்பதா என்று ஒரே பிடிவாதம். ஊர் சொல்லிக் கேட்டதோடு சரி.

ஒன்பதரைக்கு முதல் மன்னிப்பு. மீசை இல்லை, துண்டு இல்லை. கோயிலுக்குக் கட்டுகிற வெளிர்நீலச் சேலையில், சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டெபி தலைகுனிந்து பேசினாள்.

“நான் ஸ்டெபி. நான் போட்ட வீடியோவுல தலைவர் மனசும், வெயில்ல வந்து நின்ன அக்காமார் மனசும் கஷ்டப்பட்டிருக்கு. நான் வெளையாட்டுக்குச் சொன்னது. தப்புதான். மன்னிச்சிருங்க.”

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. உண்மையாகவே உடைந்தது. அண்ணனின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு எதிர் அலமாரியில் இருந்தது, அவள் கண் அதில் போய் விழுந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த சார், இதற்கு இரங்காதவன் மனுஷனே இல்லை என்று நினைத்தார்.

பத்து நிமிஷத்தில் ஊர் பதில் சொல்ல ஆரம்பித்தது. ‘அக்கா, நடிப்புன்னா இது.’ ‘அழுகை சூப்பர், மீசை எங்க?’ ‘குரல் ஒடையுத இடத்த மூணு தடவ பாத்தேன், வயிறு வலிக்கு.’ ‘அடுத்து ராஜினாமா வீடியோ போடுங்க தலைவரே.’ ஒவ்வொன்றுக்குக் கீழேயும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசை வரிசையாக.

‘இது நெசம். நான் நடிக்கல’ என்று ஸ்டெபி கீழே எழுதினாள். அதற்குத்தான் இன்னும் அதிகச் சிரிப்பு வந்தது.

“நெசம்னு சொன்னா நம்பாம, எப்படிட்டி சிரிக்காங்க?” என்றாள் சாலோமி.

“தங்கப்பழம் ஒவ்வொரு வீடியோவுலயும் ‘இது நெசம்’னுதாம்மா சொல்லும்.”

பதினொன்றரைக்குத் தலைவரின் வலதுகையான நாறும்பூநாதன் பைக்கில் வந்து இறங்கினார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

“சொந்தமாப் பேசுனா அந்தப் பிள்ளைக்குக் கிண்டல் தானா வந்துருது. இத அப்படியே வாசிக்கச் சொல்லுங்க சார்வாள். ஒரு எழுத்து மாறப்பிடாது.”

ஸ்டெபி வாசித்தாள். ஆறுதல்புரத்தின் அணையா விளக்கே, ஒன்பதாம் வார்டின் வற்றாத ஊற்றே, தாகம் தீர்க்கும் தலைவரே, தங்கள் பொன்மனத்தைப் புண்படுத்திய இந்தப் பேதையைத் தங்கள் பொற்பாதத் தூசியாக ஏற்று மன்னித்தருள வேண்டும் என்று இரண்டு பக்கம். முகத்தில் ஒரு சுருக்கம் காட்டாமல், ஏற்றம் இறக்கம் இல்லாமல், நாறும்பூநாதன் எதிரில் நின்று கண்காணிக்க, ஓர் எழுத்து மாற்றாமல் வாசித்து முடித்தாள்.

வற்றாத ஊற்று என்ற இடத்திலேயே ஊர் உருண்டுவிட்டதாம். முக்கால் மணி நேரத்தில் வீடியோ தென்காசி தாண்டிப் போய்விட்டது. ‘என்னா எழுத்து! ஜால்ரா பயலுவளை இதவிட யாரும் நக்கல் அடிக்க முடியாது’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

நாறும்பூநாதன் போனை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவர் முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது.

“எதுக்குச் சிரிக்கானுவ? காலையில ஒண்ணரை மணி நேரம் ஒக்காந்து எழுதுனேன் வே!”

அவருக்கு ஆறுதல் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தெம்பு இல்லை. சாலோமி ஒரு தம்ளர் மோர் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் சார் நூகு பாயின் டீக்கடைக்குப் போனார். கால் வைத்ததுமே பாய் கல்லாவிலிருந்து எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார்வாள், ஒங்க மவ பின்னிட்டா!”

“பாய், அது கிண்டல் இல்ல. நெசமாத்தான் மன்னிப்பு கேட்டா. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

பாய் அவரைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள். பிறகு கடை முழுக்க ஒரே சிரிப்பு.

“அப்பாவும் சேந்துட்டாருலே” என்றார் மூலையில் இருந்த ஒருவர்.

சார் டீயைக் குடிக்காமலே திரும்பினார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒருவன் பொய் சொன்னால் நம்ப ஊரில் ஆள் இருக்கிறது, உண்மை சொன்னால் நம்ப ஆள் இல்லையே என்று ஆற்றாமையாக வந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. பிள்ளை கேலிக்காரி, அதனால் நம்பவில்லை. நூகு கடையில் டீ குடிக்க வந்தவர்கள் வேலையற்றவர்கள், அதனால் சிரிக்கிறார்கள். ஆனால் தான் முறையாக நின்று, முறையாக அறிவித்தால்? இருபத்திரண்டு வருஷமாகத் தன் அறிவிப்பை ஊர் நம்பாமல் இருந்ததுண்டா?

மூன்று மணிக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றார்.

“ஏட்டி, நான் பேசுதேன். நீ போனைப் பிடி.”

ஸ்டெபியின் முகம் வெளிறிப்போயிற்று. “வேண்டாம்ப்பா.”

“ஏன் வேண்டாம்?”

“நீங்க... நீங்க பேசாண்டாம். வேற ஏதாவது செய்யலாம்.”

“என்ன செய்யலாம்? சொல்லு, செய்வோம்.”

மணி மூன்றேகால். போனை உயர்த்திப் பிடித்தவள், மறுபடியும் தாழ்த்தினாள்.

“அப்பா, சும்மா வீட்டுல பேசுத மாதிரி பேசுவீயளா? அந்தக் ‘கவனிக்கவும்’ எல்லாம் வேண்டாமே.”

“அறிவிப்புன்னா ஒரு முறை இருக்குல்லா? நீ பிடி.”

சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள். வாய் வரை வந்திருக்கிறது. ஆனால் தகப்பன் அந்த வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து நின்ற நிற்பைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை.

சார் கை நீட்டி, போனின் மேல் விரலால் இரண்டு தட்டு தட்டினார். மைக்கைத் தட்டிப் பார்க்கிற பழக்கம். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

“கவனிக்கவும். என் மகள் ஸ்டெபி வெளியிட்ட காட்சிக்காக, பேரூராட்சித் தலைவர் அவர்களிடம் எங்கள் குடும்பம் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறது. மறுபடியும் சொல்லுகிறேன், மன்னிப்பு, மன்னிப்பு. இது விளையாட்டல்ல. யாவரும் அறிந்துகொள்வீர்களாக.”

நன்றாக அமைந்துவிட்டது என்று அவருக்குத் திருப்தி. ஸ்டெபி அதைப் போட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் போய்விட்டாள்.

ஐந்து மணிக்குக் கைலாசம் கூப்பிட்டார்.

“சார்வாள், நீங்களுமா?” கோபத்தைவிட வருத்தம்தான் அந்தக் குரலில் அதிகம். “ஒங்க வயசுக்கு இது தேவையா? ஊரே விழுந்து விழுந்து சிரிக்கு.”

“ஐயோ, தலைவரே, நான் நெசமாத்தான் கேட்டேன். இப்பமும் கேக்கேன். மன்னிப்பு, தலைவரே, மன்னிப்பு...”

போனுக்குள் பின்னாலிருந்து ஐந்தாறு பேர் சிரிக்கும் சத்தம் குபீரென்று கேட்டது. சார் எதற்கென்று புரியாமல் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தபோது கைலாசம் இல்லை.

அரைமணி நேரத்தில் எஸ்றா வந்தான். தோளில் சாவி இல்லை. ஐந்து வருஷமாக அந்தச் சாவி இல்லாமல் அவன் வீட்டுப்படி ஏறியதில்லை. ஒரு பக்கத் தோள் தாழ்ந்தே நடந்து பழகிவிட்டவன், இன்றும் அப்படியே தாழ்ந்துதான் வந்தான்.

“எழுதிக் குடுத்தாரா?” என்று கேட்டார் சார்.

“எதுக்குப்பா எழுதணும்? சேக்கும்போதும் வாயாலதான் சேத்தாரு. ‘வா’ன்னாரு, வந்தேன். ‘போ’ன்னாரு, வந்துட்டேன்.” அவன் தண்ணீர்ச் செம்பை எடுத்து நிதானமாகக் குடித்தான். “அங்கன மோட்டாரே எரிஞ்சு கெடக்கு. நான் தொறந்தாலும் ஒன்பதாம் வார்டுக்குத் தண்ணி வராது. ஆனா அவரு ‘ரெண்டு நாள்ல வரும்’னு சொன்னாருன்னா பேப்பர்ல போடுதான். அவரு சொன்னா நடக்குது. நம்ம சொன்னா ஒலகமே சிரிக்கு. விடுங்க.”

தங்கையை ஒரு வார்த்தை அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஸ்டெபிக்கு இருந்தது. பின்வாசல்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சார் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அந்தப் பழைய வீடியோவக் காட்டு.”

“வேண்டாம்ப்பா.”

“காட்டுட்டி. எல்லாவனும் பாத்தாச்சு. எதுக்குச் சிரிக்கான்னு நானும் பாத்துக்கிடுதேன்.”

காட்டினாள். ஒட்டு மீசையும் துண்டுமாகத் தங்கப்பழம் வந்து நின்றது. கை நீட்டி மைக்கை விரலால் இரண்டு தட்டு தட்டியது. இரண்டு தடவை தொண்டையைச் செருமியது. “கவனிக்கவும்” என்றது. “காலை பத்து மணி. மறுபடியும் சொல்லுகிறேன், பத்து மணி, பத்து மணி. யாவரும் அறிந்துகொள்வீர்களாக.”

சார் முழுவதும் பார்த்தார். முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தார். நாற்பது பெண்கள் ஏன் பத்து மணிக்குச் சரியாக வந்து நின்றார்கள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. மீசை இல்லாமல் குரலை மட்டும் கேட்டவர்களுக்கு அது கோயில் அறிவிப்பு மாதிரியே இருந்திருக்கிறது. மீசையோடு பார்த்தவர்களுக்கு இனிமேல் கோயில் அறிவிப்பே தங்கப்பழம் மாதிரி இருக்கும்.

“என்னையாட்டி நடிச்ச?” என்று கேட்டார். கோபம் இல்லை. கேட்பதற்கே வெட்கமாக இருந்தது.

“ஒங்கள நக்கல் அடிக்கணும்னு செய்யலப்பா. சத்தியமா இல்ல.” அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். “அறிவிப்புன்னா எப்படி இருக்கும்னு நான் வேற எங்க கேட்டேன்? கைக்கொழந்தையில இருந்து ஒங்க அறிவிப்பதான கேக்கேன். வாயத் தொறந்தேன், அதுதான் வந்துச்சு.”

அவர் அவள் தலையில் கை வைத்தார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் சொன்னது உண்மை என்று அவர் நம்பினார். இன்று காலையிலிருந்து அவள் சொன்ன உண்மைகளை நம்பிய ஒரே ஆள் அவர்தான், அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆறு மணிக்கு ஐயரிடமிருந்து நாளைய அறிவிப்புத் தாள் வந்தது. மூன்றாவதாக எஸ்றாவின் பெயரும் வள்ளியூர்ப் பெண்ணின் பெயரும் இருந்தன. சனிக்கிழமை மாலை ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பது சாரின் வழக்கம். கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். மகன் கட்டிலில் சுவர் பார்த்துப் படுத்திருந்தான். சாலோமி அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வேறு மாதிரி வாசித்துப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தார். அவருக்கு வேறு மாதிரி தெரியாது. இரண்டு தடவை செருமினார்.

“கவனிக்கவும். விவாக அறிவிப்பு, மூன்றாம் ஓலை. ஆறுதல்புரம் பாக்கியசீலன் குமாரன் எஸ்றா...”

அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

சார் நிறுத்தினார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சாலோமி அடுப்படி வாசலில் நின்றாள். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவள். அவர் அறிவிப்பு வாசிக்கும்போதெல்லாம் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்காருகிறவள். அவள் கண் முழுக்க நீர்.

“ஐயோ, என்னங்க... நான் வேணும்னு சிரிக்கலங்க. தானா வந்துட்டு. அந்தச் சவத்து மீசை கண்ணுக்குள்ளயே நிக்கி.”

அவள் அழ ஆரம்பித்தாள். அடுப்பில் தோசை கருகுகிற வாசனை வந்தது, யாரும் போய்த் திருப்பவில்லை. நாளைக்கு ஒன்பது மணிக்கு இதே தாளை முந்நூறு பேர் முன்னால் வாசிக்க வேண்டும். ‘தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்’ என்கிற இடத்தில் கோயில் மொத்தமும் சிரித்தால், அது ஓலை வாசித்ததாகுமா, ஆகாதா? யாரிடம் போய்க் கேட்பது?

மேசைமேல் போன் அடித்தது. கட்டிலில் படுத்திருந்த எஸ்றா எழுந்து உட்கார்ந்தான். பின்வாசலிலிருந்து ஸ்டெபி உள்ளே வந்தாள். திரையில் ‘வள்ளியூர் கிங்ஸ்லி சம்பந்தி’ என்று பெயர் மின்னியது.

நாலு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது தடவை அடித்தபோது சார் அதை எடுத்துக் காதில் வைத்தார்.

“அண்ணாச்சி, என்னமோ கேள்விப்பட்டேன். எஸ்றா தம்பிக்கு வேலை போயிட்டுன்னு சொல்லுதாவ. இது நெசமா, இல்ல இதுவும் அந்த வீடியோ மாதிரி வெளையாட்டா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நான் நம்புதேன்.”

பாக்கியசீலன் சார் ஒரு தடவை தொண்டையைச் செருமினார். இரண்டாவது தடவை செருமப் பயமாக இருந்தது.